ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறேன், டாக்டரம்மா

“பசங்களுக்காகத்தான் டாக்டரம்மா.” சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர ஏன் நினைக்கிறீர்கள் என்று கேட்டால், என்னிடம் வரும் பெண்களில் பெரும்பாலானோர் சொல்லும் பதில் இதுதான். பொய்யில்லை. ஆனால் இந்தப் பதிலைச் சொல்லிவிட்டுப் போனவர்கள், மூன்று மாதம் கழித்து அதே எச்பிஏ1சியோடு (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) திரும்பி வருவதை விழுப்புரம் பக்கத்தில் பல வருஷமாகப் பார்க்கிறேன்.

அவர்களில் ஒருவர் சத்துணவு மையத்தில் வேலை பார்க்கும் 46 வயது அம்மா. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எச்பிஏ1சி 9.4. முதல் இரண்டு முறையும் அவரைப் பயமுறுத்தித்தான் அனுப்பினேன். கண், சிறுநீரகம், கால் என்று அடுக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எதுவும் மாறவில்லை.

குடிப்பழக்கத்தோடு போராடுபவர்களிடம் எப்படிப் பேசுவது என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார். நாம் வாதாட வாதாட, எதிரில் இருப்பவர் தன் பழைய வழக்கத்துக்குத்தான் பரிந்து பேசுவார். மாறுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வரவேண்டும் என்பது அதன் சாரம். மருத்துவர்களான நமக்கு இது எளிதில் வராது. கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது அது பெரிய காரியம்.

மூன்றாவது முறை காத்திருந்தேன். “பசங்க, வீட்டுக்காரர் எல்லாரையும் விடுங்கம்மா. உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திரிக்கிறேன். ஒரு நாளாவது விடியிற வரைக்கும் தூங்கணும்” என்றார்.

அவர் கேட்டது நியாயமான ஆசை மட்டுமில்லை, மருத்துவரீதியாகவும் சரியான இடம். ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால், சிறுநீரகத்தால் அதை முழுவதும் திரும்ப உறிஞ்ச முடியாது. சிறுநீரில் இறங்கும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று எதுவும் இல்லை. ஆக, ராத்திரிச் சர்க்கரையைக் குறைத்தால் தூக்கம் திரும்பும் என்று அவருக்குச் சொல்ல முடிந்தது. சிறுநீரகம் கெடுவது என்றோ நடக்கப்போவது. இது இன்றைக்கு ராத்திரி.

அதன் பிறகு இரவுச் சாப்பாட்டைப் பற்றி மட்டுமே பேசினோம். எல்லாருக்கும் போட்டுவிட்டு, பத்து மணிக்கு மேல், சட்டியில் மிஞ்சியதைக் கொட்ட மனசு வராமல் தன் தட்டில் போட்டுக்கொள்வார். எத்தனை வீடுகளில் அம்மாக்களின் சாப்பாடு இப்படி இருக்கிறது! எட்டு மணிக்கே எல்லாரோடும் உட்காருவது, சோறு ஒரு கரண்டி, மீதிக்குக் கீரையும் சுண்டலும் என்று அவரே முடிவு செய்தார். நடக்கச் சொன்னபோது, “தெருவுல நடந்தா என்ன விசேஷம்னு கேப்பாங்க” என்றார். மொட்டை மாடியில் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் நடந்தார். தசைகள் வேலை செய்யும்போது சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்; அதற்கு மாடியே போதும். மாத்திரையை நிறுத்தவில்லை. சாப்பாட்டு நேரம் மாறியதால் அளவை மட்டும் நான் பார்த்து மாற்றினேன். இதை யாரும் தாங்களாகச் செய்ய வேண்டாம். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

மூன்று வாரத்தில் இரவில் ஒரே முறைதான் எழுந்தார். எடை மட்டும் அரைக் கிலோகூடக் குறையவில்லை, அதில் அவருக்கு வருத்தம். சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களில், வழக்கம்போல் இருந்தோரில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். எடை பெரிதாகக் குறையாமலேயே கிடைத்த பலன் அது.

அப்புறம் அக்கா மகள் கல்யாணம். பத்து நாள் எல்லாம் விட்டுப்போயிற்று. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று எங்கோ கேட்டிருந்ததால், தன்னால் முடியாது என்றே முடிவு கட்டியிருந்தார். லண்டனில் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில் ஒரு பழக்கம் தானாக நடக்க ஆகும் நாள் சராசரியாக 66 என்று கணக்கிட்டார்கள். ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை. பத்து நாள் அதைவிட அதிகம்தான். ஆனாலும் “மறுபடி எழுந்திரிக்க ஆரம்பிச்சிட்டேன்” என்று நான் கேட்குமுன் அவரே வந்து சொன்னாரே, அதைத்தான் நான் கவனித்தேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொருவர் கோப்பின் முதல் பக்கத்திலும், அவர் சொன்ன காரணத்தை அவர் வார்த்தையிலேயே எழுதி வைக்கிறேன். ஒரு லாரி ஓட்டுநர் கோப்பில், “கடன் முடியிற வரைக்கும் ஸ்டியரிங் பிடிக்கணும்” என்று இருக்கிறது.

அந்த அம்மாவின் எச்பிஏ1சி இப்போது 7.3. போன மாதம் வந்தவர், பழைய வரியை அடித்துவிடச் சொன்னார். மையத்துத் தோழிகளோடு திருவண்ணாமலை கிரிவலம் போகவேண்டுமாம், 14 கிலோமீட்டர். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று இரண்டு காலையும் சோதித்தேன். நன்றாக இருக்கிறது. வெறுங்காலோடு வேண்டாம் என்றேன். சாமிக்கு ஆகாது என்றார். மாடி நடையை முக்கால் மணி நேரமாக்கிய பிறகு அதைப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.