கதவுக்குள் இருந்த குழாயை ஏன் அறுத்தீர்கள்?

போன வியாழக்கிழமை காலை பட்டறையைத் திறந்த அரை மணி நேரத்தில் ஒரு ரெக்கவரி வண்டி உள்ளே திரும்பியது. அதன் மேல் சிவப்பு நிற ஃபியட் பாலியோ. 2003ஆம் ஆண்டு வண்டி, 1.6 லிட்டர், 100 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் அந்த இன்ஜினுக்காகவே அதை வாங்கினார்கள். இன்றும் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் பையன்கள் விடமாட்டார்கள்.

ஓட்டுநர் பக்கக் கதவு இருக்கை வரை உள்ளே மடிந்திருந்தது. கதவின் உட்பக்க அட்டை இல்லை. பின் இருக்கை, ஸ்டெப்னி, கூரைத் துணி, தரைவிரிப்பு எதுவும் இல்லை. ஏலகிரியில் இருந்து இறங்கும்போது, லேசான தூறலில், ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடித்திருக்கிறார். வண்டியின் பின்பாகம் முன்னால் சுற்றி வந்து, வலப்பக்கம் முழுவதும் கைப்பிடிச் சுவரில் மோதியிருக்கிறது. ஓட்டிய தம்பிக்கு வயது 24. காறை எலும்பு முறிந்திருக்கிறது, இடுப்பில் பலத்த அடி. சுவர் தாங்கியதால் உயிர் இருக்கிறது.

அவருடைய அம்மா உடன் வந்திருந்தார். "எடையைக் குறைத்தால் வண்டி நன்றாக ஓடும் என்று ஆறு மாதமாக வீட்டு வாசலிலேயே வேலை செய்தான் சார். நல்லதுதானே என்று நானும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்" என்றார். அந்த அம்மாவுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டு வாசல் வேலையால் கெட்டு இந்த ஆண்டில் என்னிடம் வந்தது இது மூன்றாவது வண்டி. அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் எனக்கு வண்டிகள் வருகின்றன. ஆம்பூர், ராணிப்பேட்டை, ஆரணி, குடியாத்தம் என்று பழைய வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியில் நிறையப் பேர். பத்மினி, கான்டெஸ்ஸா, ஹெரால்டு, ஐக்கான் 1.6, பாலியோ. கண்ணாடியிழை உடல் கொண்ட, கோவாவில் தயாரான இரண்டு இருக்கை சான் ஸ்டார்ம் கூட ஒருமுறை என் கைக்கு வந்தது. வீட்டில் வைத்து வண்டியைச் சீரமைக்கும் பிள்ளைகளை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த பிள்ளை நல்ல பிள்ளை. என் கோபம் சீரமைப்பின் மீது அல்ல, இரும்பை அறுக்கும் கிரைண்டரின் மீது.

எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "ரேஸ் காரில் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார்கள் அல்லவா, அதைத்தான் நானும் செய்தேன்." இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. எனவே இதை மட்டும் பொறுமையாகச் சொல்கிறேன், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

ரேஸ் காரில் கழற்றுவது பாதிக் கதை. கழற்றிய இடத்தில் என்ன வைக்கிறார்கள் என்பது மீதிக் கதை. தரைவிரிப்பையும் இருக்கைகளையும் எடுத்த பிறகு, உள்ளே தையலில்லாத எஃகுக் குழாயால் ஒரு கூண்டு கட்டுகிறார்கள். கதவின் குறுக்காகவும் அந்தக் கூண்டின் குழாய்கள் போகும். அது இருக்கும் தைரியத்தில்தான் கதவின் உள்பாகங்களைத் தொடுகிறார்கள். ஓட்டுபவர் உடலை அணைத்துப் பிடிக்கும் இருக்கையில், தோள், இடுப்பு, தொடை என்று பல இடத்தில் பிணைக்கும் பட்டையோடு அமர்கிறார். தலையில் ஹெல்மெட், உடலில் தீப்பிடிக்காத உடை, பக்கத்தில் தீயணைப்பான். எதிரே லாரி வராது, குறுக்கே ஆடு வராது. அடிபட்டால் தூக்கிச் செல்ல ஆம்புலன்ஸ் பந்தயம் தொடங்கும் முன்பே வந்து நிற்கிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் இங்கிருந்து ஏறக்குறைய 100 கி.மீ. தூரத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை கார் பந்தயத் தடத்துக்குப் பந்தயம் நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். அனுமதி கேட்டு, நிற்கும் வண்டிக்குள் எட்டிப் பாருங்கள். அங்கே எடையைக் குறைத்தவர்கள், குறைத்ததில் ஒரு பங்கைப் பாதுகாப்புக்காகத் திரும்பவும் ஏற்றியிருப்பார்கள்.

அப்படியானால் நானும் கூண்டு கட்டிக்கொள்கிறேன் என்று உடனே கிளம்பாதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் சாலையில் ஓட்டும் வண்டியில், தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இரும்புக் குழாய் இருந்தால், சிறிய மோதலிலேயே மண்டை அதில்தான் போய் இடிக்கும். கேட் செய்யும் கடையில் வாங்கிய தண்ணீர்க் குழாயில் கூண்டு கட்டிய ஐக்கான் ஒன்றைப் பார்த்தேன். நான்கு பக்கமும் வெல்டிங் வாயைத் திறந்துகொண்டிருந்தது. அன்றே அறுத்து எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொட்டேன்.

பாலியோவுக்கு வருகிறேன். அந்த வண்டியின் கதவுக்குள் குறுக்காக ஒரு எஃகுக் குழாய் இருக்கும். பக்கவாட்டில் இடி விழுந்தால் கதவு உள்ளே மடியாமல் தாங்குவது அதுதான். தம்பி அதை இரண்டு முன்கதவுகளிலும் அறுத்திருந்தார். அறுத்த துண்டை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி, பக்கத்துப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தேன். 1 கிலோ 800 கிராம். விலா எலும்புக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரே இரும்பை, இரண்டு கிலோ அரிசி எடைகூட இல்லாத லாபத்துக்காக அறுத்திருக்கிறார்கள்.

மோதலில் பெட்ரோல் பம்ப்பை நிறுத்தும் சிறிய சுவிட்ச் ஒன்றும் பாலியோவில் உண்டு. அதையும் கழற்றி, ஒயரை நேராக இணைத்திருந்தார். அதன் எடை எத்தனை கிராம்? கேட்டேன். தம்பி தலை குனிந்துகொண்டார்.

வண்டி ஏன் சுற்றியது என்பது அவருக்கு இன்னும் புரியவில்லை. டயர் வழுக்கிவிட்டது என்று நினைக்கிறார். இன்ஜின் முன்னால் இருந்து முன்சக்கரத்தை இழுக்கும் வண்டிகளில் எடையின் பெரும்பங்கு ஏற்கெனவே முன்பக்கம்தான். பின் இருக்கையையும் ஸ்டெப்னியையும் எடுத்து, பின்கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போட்டால், குறைந்த எடை அத்தனையும் பின்பக்கத்தில் குறைந்தது. பிரேக்கை வடிவமைத்தவர் அந்த எடை இருக்கும் என்று நம்பி அழுத்தத்தைப் பங்கிட்டிருக்கிறார். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் இன்னும் லேசாகிவிடும். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி நேராகப் போகும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் சுற்றும். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில் சுற்றினால் போதும்.

போதாக்குறைக்கு, வண்டி தாழ்வாகத் தெரிய வேண்டும் என்று ஸ்பிரிங்கை இரண்டு சுற்று அறுத்திருந்தார். சில வண்டிகளில் பின் ஆக்சிலோடு இணைந்த ஒரு வால்வு, பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் அனுப்பும். ஸ்பிரிங்கை அறுத்துவிட்டால், ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்து முழு அழுத்தத்தையும் அனுப்பிவிடும். ஆளே இல்லாத பின்பக்கத்துக்கு ஐந்து ஆள் பிரேக். ஸ்பிரிங்கை அறுக்காதீர்கள். இதற்கு விளக்கம் கேட்டு யாரும் தொலைபேசியில் அழைக்க வேண்டாம். அறுக்காதீர்கள், அவ்வளவுதான்.

சரி, எடையைக் குறைக்கவே கூடாதா? தாராளமாகக் குறைக்கலாம். இருபது முப்பது ஆண்டு ஓடிய வண்டியில், தொழிற்சாலை வைக்காத எடை ஏராளமாக இருக்கிறது. முதலில் அதைத் தேடுங்கள். பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், யாரோ போட்டுவிட்ட இரண்டாவது ஹாரன், அளவுக்கு மீறிய கனமான அலாய் சக்கரம், முன்னால் மாட்டிய இரும்பு பம்பர் கார்டு. அந்த கார்டைச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017லேயே தடை செய்துவிட்டது.

அதற்கடுத்தது பட்டி, அதாவது தகட்டின் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. போன ஆண்டு ஒரு பத்மினியை முழுதாகச் சுரண்டினோம். ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுவதும் நகர்த்திப் பார்த்தால், ஒட்டாத இடமெல்லாம் பட்டி. பின் மட்கார்டில் ஓர் இடத்தில் விரல் பருமனுக்கு இருந்தது. நான்கு முறை பெயின்ட் அடித்தவர்கள் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே பூசியிருந்தார்கள். உளியால் பெயர்த்ததைச் சாக்கில் கட்டி அதே தராசில் வைத்தோம்: 11 கிலோ. பட்டிக்குக் கீழே தகடு பொரிந்த அப்பளம்போல இருந்தது. அந்தத் தகட்டை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தபோது வண்டி லேசாகவும் ஆனது, பலமாகவும் ஆனது. சீரமைப்பு என்றால் எனக்குத் தெரிந்தவரை இதுதான்.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பாகத்தை, எங்கள் பேச்சில் ரன்னிங் போர்டை, தனியாகக் கவனியுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது நின்ற இடத்திலேயே நனைந்த வண்டிகளில், உள்பக்கமாகத் துரு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. வெளியே பளபளவென்று இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் உள்ளே போய்விடும். தனி அடிச்சட்டம் இல்லாத வண்டிகளில் முதுகெலும்பே அந்தப் பெட்டிதான். அதைத் துரு தின்றிருக்கும்போது மேலே எடை குறைத்து என்ன பயன்?

இனி வீட்டு வாசல் வேலைக்கு வருகிறேன். மற்ற இரண்டு வண்டிகளும் இதனால்தான் வந்தன.

ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள். ஹாலோ பிளாக் எச்சரிக்கை தராது, ஒரே நொடியில் தூளாகும். இந்த ஆண்டு பழைய ஃபியட்டுக்கு அடியில் படுத்திருந்தவர் பிழைத்ததற்கு ஒரே காரணம், கழற்றிய சக்கரத்தை வைக்க இடமில்லாமல் வண்டிக்கு அடியில் தள்ளியிருந்தார். வண்டி அதன்மேல் உட்கார்ந்தது. தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்குங்கள். சமதளமான சிமென்ட் தரையில் வையுங்கள், மண்ணில் அல்ல. அதற்குப் பிறகும் கழற்றிய சக்கரத்தை அடியில் தள்ளி வையுங்கள்.

பெட்ரோல் டேங்க்கை வீட்டில் வெல்டிங் செய்யாதீர்கள். "காலி டேங்க்தான் அண்ணா" என்பார்கள். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்கைக் கண்டுதான் நான் பயப்படுகிறேன். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதம் இருந்தாலே வெடிக்கப் போதும். சோப்பு போட்டுக் கழுவினாலும் மடிப்புகளில் ஒட்டிய பிசின் சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும். ராணிப்பேட்டை பெல் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எனக்கு நண்பர். வாழ்நாள் முழுவதும் தீயோடு வேலை செய்தவர், பெட்ரோல் டேங்க் என்றால் கையை எடுத்துவிடுவார். டேங்க் வேலை மட்டுமே செய்பவரிடம் கொடுங்கள்.

உள்ளே வெல்டிங் செய்யும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். இருக்கைகளையும் நுரைப் பஞ்சையும் வெளியே எடுங்கள். இந்த ஆண்டு வந்த மற்றொரு வண்டியான கான்டெஸ்ஸா எரிந்தது ஒரு பொறி இருக்கையில் விழுந்ததால். நுரை எரியும் புகையில் சயனைடு வாயு இருக்கிறது. அணைக்கிறேன் என்று தலையை உள்ளே விடக்கூடாது. தண்ணீர் வாளியோடு, தூள் வகைத் தீயணைப்பான் ஒன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கண்ணாடியிழையில் பானெட் செய்ய ஆசைப்படுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். இழையை ஒட்டும் ரெசினோடு வரும் ஊதா நிறக் கோபால்ட்டையும், அதை இறுக வைக்கும் நிறமற்ற கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட். அந்தக் கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். மூடிய கண்ணாடி போடுங்கள். தெறித்துவிட்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, கண் மருத்துவரிடம் ஓடுங்கள். தேய்க்கும்போது பறக்கும் தூளுக்கும், ஹார்ட்னர் கலந்த பெயின்ட் புகைக்கும் கைக்குட்டை போதாது. குழந்தைகள் விளையாடும் வாசலில் இந்த வேலையே வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019ல் அதை உறுதி செய்தது. 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது வண்டியை நேரில் காட்டித்தான் ஆக வேண்டும். உங்கள் தாத்தாவின் வண்டி 50 ஆண்டைத் தாண்டியிருந்தால், 2021ல் வந்த விதியின்படி பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். அதற்கு அடிச்சட்டமோ பாடியோ இன்ஜினோ பெரிய அளவில் மாற்றப்பட்டிருக்கக் கூடாது. கிரைண்டர் பட்ட வண்டிக்கு அந்த வாய்ப்பும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி மறுபடி வந்தார், தோளில் கட்டோடு. மற்றக் கதவில் அறுத்த குழாயையும் கோணிப்பையில் கொண்டுவந்திருந்தார். "இதைத் திரும்ப வெல்டிங் செய்து வைத்துவிட முடியுமா அண்ணா?" என்று கேட்டார். முடியாது. அந்த எஃகின் பலம் தொழிற்சாலையில் ஏற்றிய பலம், வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அது போய்விடும். முழுக் கதவாகத்தான் மாற்ற வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் தெரிந்தவரிடம் சொல்லிவைத்தேன். நேற்று மாலை இரண்டு கதவுகள் கிடைத்துவிட்டன என்று தகவல் வந்தது, ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். உள்ளே குழாய் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இருக்கிறது. நிறம் எப்படி இருந்தாலும் சரி, வாங்கிவிடுங்கள் என்றார் தம்பியின் அம்மா.