ஸ்கானர் வாங்கும் முன்: கேட்பதற்கு ஒரு சட்டம், பேசுவதற்கு ஒரு சட்டம்

வானொலி ஸ்கானரில், அதாவது பல அலைவரிசைகளையும் தேடித் தேடிக் கேட்கும் கருவியில், ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தை. அலைவரிசைகளைப் பங்கிட்டுக் கொடுப்பது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. அலை பரப்பும் எந்தக் கருவியானாலும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பயன்படுத்தக்கூடாது.

ஆட்கள் சறுக்குவது இங்கேதான். ஸ்கானர் கேட்க மட்டும். விலை மலிவு என்று வாங்கும் பாவோஃபெங் வோக்கி டோக்கியிலோ பேசும் பொத்தானும் இருக்கிறது. ‘நான் அதை அமத்த மாட்டேன்’ என்ற விளக்கம் எங்கேயும் எடுபடாது. என் எண்ணத்தில், மடிக்கணினியில் செருகி அதையே வானொலிப் பெட்டியாக்கும் எஸ்டிஆர் டொங்கிள்தான் தொடக்கத்துக்குச் சரி. அதை வைத்துப் பேசவே முடியாது. ஏறத்தாழ 24 முதல் 1,766 மெகாஹேர்ட்ஸ் வரை கேட்கலாம். கனடாவில் இருக்கும் மாமா பார்சலில் போட்டுவிடுகிறேன் என்றால், அனுப்பும் முன்பே ஆணைக்குழுவிடம் கேட்டுவிடுங்கள். வானொலிக் கருவிகளை இறக்குமதி செய்ய அதன் அனுமதி தேவை. சுங்கத்தில் பொருள் நின்ற பிறகு அலைவது வீண்.

கேட்பதிலும் எல்லை உண்டு. பிறருக்குப் போகும் செய்தியை இடைமறிப்பதும் வெளியிடுவதும் இதே சட்டத்தில் குற்றம். பொலிஸ், இராணுவம், தொலைபேசி பக்கம் போகவே வேண்டாம். காதில் விழுந்ததைப் பதிவுசெய்து வட்ஸ்அப் குழுவில் போடுவது இன்னும் மோசம்.

அப்ப எதைக் கேட்பது? பற்றரி கிடைக்காத யுத்தகாலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட ஊர் நாங்கள், ஒளிவுமறைவில்லாததே தாராளமாக இருக்கிறது. பாக்கு நீரிணைக்கு மேலே காற்று வாய்ப்பாக அமையும் நாட்களில் காரைக்கால் பண்பலை 100.3இல் தெளிவாக விழும். பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்காரர் 144 மெகாஹேர்ட்ஸிலிருந்து தொடங்கும் பட்டையில் பேசுவார்கள். பேசுகிறவர் தன் அடையாளமாகச் சொல்லும் அழைப்புக்குறி வீயூ என்று தொடங்கினால் அது இந்தியா. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போகும்போது, பேச்சு நடந்தால், 145.800இல் வரும். பத்து நிமிடத்துக்குள் கடந்துவிடும், அதனால் நேரத்தை முன்கூட்டியே பாருங்கள்.

கேட்டுக் கேட்டுப் பேசவும் ஆசை வந்தால், ஆணைக்குழு நடத்தும் அமெச்சூர் வானொலிப் பரீட்சையில் தேறி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அப்புறம் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி உங்களுக்கும் கிடைக்கும்.