112 கிலோ உடம்பும் இரண்டு முட்டிகளும்

என் மனைவியின் தம்பிக்கு 34 வயது, எடை 112 கிலோ. பொங்கல் முடிந்த கையோடு புது ஷூ வாங்கி, வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் ஓட ஆரம்பித்தான். நாலாம் நாள் வலது முட்டி வீங்கிவிட்டது. ஐந்தாம் நாள் ஷூ அட்டைப்பெட்டிக்குள் திரும்பிப் போனது. "பேசாம கொஞ்ச நாள் நட" என்றேன். "நடக்கிறதெல்லாம் ஒரு எக்சர்சைஸா மாமா? எங்க பாட்டிகூடத்தான் நடக்குறாங்க" என்றான்.

பாட்டியின் எடை 48 கிலோ. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நடக்கும்போது நாம் நகர்த்துவது நம் உடம்பைத்தான். எவ்வளவு எடையை நகர்த்துகிறோமோ, ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் ஆற்றல் செலவாகும். மணிக்கு 4 கிலோமீட்டர் என்பது கடைத்தெருவில் பராக்குப் பார்க்காமல் போகிற நடை. அந்த வேகத்தில் சமதரையில் அரை மணி நேரம் நடந்தால், 60 கிலோ ஆளுக்கு 60 கலோரி செலவாகும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடியதைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன். அதே தெரு, அதே அரை மணி, 112 கிலோ ஆளுக்கு 110 கலோரிக்குப் பக்கத்தில் வரும். 60 கிலோ ஆள் ஒருவர் இரண்டு 25 கிலோ அரிசி மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பார்த்து, "வெறும் நடைதானே" என்று யாரும் சொல்லமாட்டோம்.

இதயத்தின் கணக்கும் அப்படித்தான். 1997-இல் ஸ்வீடனில் வெளியான ஓர் ஆய்வில், பெண்களை அவரவருக்கு வசதியான வேகத்தில் நடக்கச் சொல்லி, எவ்வளவு ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறார்கள் என்று அளந்தார்கள். சராசரி எடையுள்ள பெண்கள் தங்கள் உச்சத் திறனில் 36 சதவீதத்தைப் பயன்படுத்தினார்கள். மிகுந்த எடையுள்ள பெண்களுக்கு அது 56 சதவீதம். மற்றவர்கள் வேகநடை போட்டால்தான் எட்டுகிற இடத்தில் இவர்கள் சாதாரண நடையிலேயே இருக்கிறார்கள். கருவி எதுவும் இல்லாமல் இதைச் சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. அது மிதமான உழைப்பு, அது போதும். பேச்சே திக்கினால் வேகத்தைக் குறைக்கலாம்.

சரி, இதயம் தயார் என்றால் ஓடினால் என்ன? இங்கேதான் முட்டி குறுக்கே வருகிறது.

பெர்லினில் ஷாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், முட்டி மாற்று அறுவை சிகிச்சைக்கு வந்த சிலருக்கு உணர்கருவி பொதிந்த செயற்கை மூட்டைப் பொருத்தினார்கள். அவர்கள் நடக்க, படியேற, நாற்காலியிலிருந்து எழ, மூட்டின் மேல் விழும் விசையைக் கருவி உள்ளிருந்தே ரேடியோ அலையில் அனுப்பியது. 5 பேரிடம் எடுத்த அளவுகள் 2010-இல் வெளியாயின. சமதரையில் நடக்கும்போது ஒரு முட்டியில் விழுவது உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. படி இறங்கும்போது 3.5 மடங்கு.

உடம்பே 112 கிலோதான் என்னும்போது முட்டியில் எப்படி அதற்கு மேல் விழும்? கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபமாகத் திறக்கும். கீலுக்குப் பக்கத்தில் விரலை வைத்துத் தள்ளிப் பாருங்கள், முழுபலமும் தேவைப்படும். தொடைத் தசை முட்டியைப் பிடித்து இழுப்பது கீலுக்குப் பக்கத்திலிருந்துதான். உடம்பு மடங்கிச் சரியாமல் இருக்க அது பல மடங்கு விசையோடு இழுக்கிறது. அந்த இழுவையும் சேர்ந்துதான் மூட்டை அழுத்துகிறது. என் மைத்துனன் கணக்கில் நடை ஒவ்வோர் அடிக்கும் சுமார் 290 கிலோ, படி இறங்கினால் 390 கிலோ. தோராயக் கணக்குதான், ஆனால் அளவு புரிகிறதல்லவா? ஓட்டத்தில் இரண்டு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும்பி, மொத்த உடம்பும் ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறது. அது இதையெல்லாம் தாண்டிப் போகும். நாலு நாளில் முட்டி வீங்கியதில் ஆச்சரியம் இல்லை. அதிலும் அவன் நாலு நிமிஷத்துக்கு மேல் ஓடவில்லை. அதற்கான செலவு 50 கலோரி இருந்தால் அதிகம்.

ஆக, பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: இதயத்துக்கு எவ்வளவு வேலை கிடைக்கிறது, அதற்கு முட்டி என்ன விலை கொடுக்கிறது. ஜிம்மில் பொதுவாக முதல் கணக்கை மட்டும்தான் பார்க்கிறார்கள். குதித்துக் கையைத் தட்டுகிற பயிற்சியை 100 கிலோவைத் தாண்டியவருக்கு முதல் நாளே கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

தண்ணீரில் இறங்கினால் முட்டியின் விலை மடமடவென்று இறங்கும். இடுப்பளவு தண்ணீரில் கால் தாங்குவது உடல் எடையில் பாதி. நெஞ்சளவு தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குதான். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது என்பதால் பருமனானவர் இன்னும் நன்றாகவே மிதப்பார். உடம்பு கனம் சாதகமாக மாறும் அபூர்வமான இடம் அது. நீந்தத் தெரிய வேண்டும் என்பதுகூட இல்லை. நெஞ்சளவு தண்ணீரில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாலே போதும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் தண்ணீரின் தடை நாலு மடங்காகும், அதனால் உழைப்புக்குப் பஞ்சமில்லை. ஒரு எச்சரிக்கை உண்டு. ஃப்ளோரிடாவில் 2005-இல் ஆண்கள் சிலரைத் தண்ணீருக்குள் சைக்கிள் மிதிக்க வைத்து, பிறகு வேண்டியதைச் சாப்பிடச் சொன்னார்கள். 20 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் மிதித்த அன்று, 33 டிகிரி தண்ணீரில் மிதித்த நாளைவிட 44 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள். குளித்துவிட்டு வந்தால் பசி வயிற்றைக் கிள்ளும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரிந்த சங்கதிதான். நம்மூரில் பெரிய தடங்கல் வேறு: நீச்சல்குளம் பக்கத்தில் இருக்க வேண்டும், நேரம் ஒத்துவர வேண்டும், பெண்களுக்குக் கூச்சமில்லாமல் இறங்குகிற சூழல் வேண்டும்.

நின்ற இடத்தில் மிதிக்கிற சைக்கிள் அடுத்தது. எடையை இருக்கை வாங்கிக்கொள்கிறது. லேசான மிதியில் முட்டிக்கு விழுவது நடையைவிட மிகக் குறைவு. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. எடையைச் சுமக்கவில்லை என்றால் சுமந்ததற்கான கூலியும் கிடையாது. நடையில் 112 கிலோ ஆளுக்குக் கிடைத்த இரட்டிப்புச் செலவு இங்கே இல்லை; எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோமோ அவ்வளவுதான். முட்டி ஏற்கெனவே வலிக்கிறவருக்கு இது நல்ல ஆரம்பம். வாங்குமுன் இயந்திரம் எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள், வீட்டு உபயோக சைக்கிள்கள் பல 100, 120 கிலோவுக்கு மேல் தாங்காது. இருக்கையைத் தாழ்வாக வைத்தால் முட்டி அதிகம் மடங்கி வலிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சரிவில் மெதுநடை. அமெரிக்காவின் கொலராடோவில் 2011-இல் வெளியான ஆய்வில், பருமனானவர்கள் 6 டிகிரி ஏற்றத்தில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது ஊர்ந்துபோகிற வேகத்தில், நடந்தார்கள். அதுவே இதயத்துக்கு மிதமான உழைப்பாக இருந்தது. சமதரையில் மணிக்கு 5.4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்ததோடு ஒப்பிட்டால், முட்டியை நீட்டும் விசை சுமார் 19 சதவீதமும், பக்கவாட்டில் வளைக்கும் விசை 26 சதவீதமும் குறைந்திருந்தன. வேகம் குறையும்போது கால் தரையில் மோதுவதும் குறைகிறது. உடம்பை மேலே தூக்கும் வேலை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. தட்டையான சென்னையில் ஏற்றத்துக்கு எங்கே போவது என்று கேட்டால், மேம்பாலம்தான் இருக்கிறது, அங்கே நடக்கப் போய் வண்டியில் அடிபட வேண்டாம். அதுவும் போக, ஏறினால் இறங்கியாக வேண்டும். ட்ரெட்மில்லின் பெருமையே இதுதான்: அதில் ஏற்றம் மட்டும்தான், இறக்கமே கிடையாது.

இதோடு தினமும் இரண்டு தடவை ஒரு நாற்காலி வேலை. பெர்லின் அளவுகளில் நாற்காலியிலிருந்து எழுவதற்கு முட்டி கொடுத்தது 2.5 மடங்கு, நடையைவிடச் சற்றே குறைவு. கையில்லாத கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மேலே இரண்டு தலையணை வைத்து உயரமாக்குங்கள். உயரம் கூடக்கூட முட்டி குறைவாக மடங்கும். நுனியில் உட்கார்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்தால், எழுவது தானாக வரும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும். தசை வளர அந்த மூன்று எண்ணிக்கையும் உதவும். எட்டுத் தடவை சுலபமாக வந்துவிட்டால் ஒரு தலையணையை எடுத்துவிடலாம். தொடைத் தசைதான் முட்டியின் அதிர்வுதாங்கி. ஜிம்முக்கே போகாமல் அதை வளர்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

பருமனான உடம்பு நடக்கும்போது அதிகச் சூட்டை உண்டாக்குகிறது, ஆனால் எடையோடு ஒப்பிட்டால் அதை வெளியேற்றத் தோல் பரப்பு குறைவு. காற்றில் ஈரம் நிறைந்த ஊரில் வியர்வையும் காயாது. அதனால் வெயிலுக்கு முன்னால், இல்லையென்றால் இருட்டிய பிறகு. தொடை உரசிப் புண்ணாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பலர் நடையை விடுவதற்கு அதுவே காரணம். முட்டிக்கு மேல் வரை நீளும் இறுக்கமான உள்ளாடையும் கொஞ்சம் வேஸ்லினும் போதும். அரை மணியை ஒரே மூச்சில் நடக்க முடியாவிட்டால் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிஷமாக மூன்று தடவை நடக்கலாம். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையை அது நன்றாகவே இறக்கும். நெஞ்சில் பாரம், தலைசுற்றல் இருந்தாலும், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தாலும் முதலில் டாக்டர், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 110 கலோரி என்பது இரண்டு இட்லி, சட்னி சாம்பார் இல்லாமல். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வில் சாப்பாட்டை மாற்றாமல் 8 மாதம் நடையும் ஓட்டமுமாக உழைத்தவர்களுக்குச் சராசரியாகக் குறைந்தது 1.8 கிலோதான். எடையை இறக்குவது பெரும்பாலும் தட்டு. எதை இழக்கிறோம் என்பதைத் தீர்மானிப்பது பயிற்சி. 2017-இல் பருமனான முதியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள், எடை தூக்கியவர்கள், இரண்டும் செய்தவர்கள் என மூன்று பிரிவுமே சாப்பாட்டைக் குறைத்துச் சுமார் 9 சதவீத எடையை இழந்தன. ஆனால் நடைப் பிரிவில் தசை போன்ற கொழுப்பில்லாத எடை 5 சதவீதம் போனது. எடை தூக்கியவர்களிடம் 2 சதவீதம்தான். நாற்காலியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

இறங்கும் ஒவ்வொரு கிலோவையும் முட்டி நாலாக எண்ணும். அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் முட்டித் தேய்மானம் உள்ள முதியவர்களிடம் அளந்து 2005-இல் சொன்ன கணக்கு இது: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிச் சுமை 4 கிலோ குறையும்.

மைத்துனன் இப்போது 104 கிலோ. அடிக்கு 32 கிலோ மிச்சம். அதே நடைக்குச் செலவாகும் கலோரியும் குறைந்துவிட்டதால், போன வாரம் ட்ரெட்மில்லில் ஏற்றத்தை ஒரு புள்ளி கூட்டியிருக்கிறான். அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடிக்குப் படியில் ஏறிப் போகிறான், கீழே வர லிஃப்டில் வருகிறான். எல்லோரும் தலைகீழாகத்தானே செய்வார்கள், இந்தத் தம்பிக்கு என்ன ஆச்சு என்று வாட்ச்மேன் என்னிடம் கேட்டார்.