மொன்டானாவில் சொந்தமாக எல்க் வில்வேட்டை: கிரிஸ்லி கரடிக் காட்டின் விதிகள்

அமெரிக்காவில் வெளிமாநிலத்துக்காரர் ஒருவர், வழிகாட்டி யாரையும் அமர்த்தாமல், தன் வில்லைத் தானே தூக்கிக்கொண்டு பொதுக்காட்டில் எல்க் மான் வேட்டைக்குப் போகலாம். மொன்டானா மாநிலச் சட்டம் இதை அனுமதிக்கிறது. எல்க் நம் கடமானைவிடப் பெரிய மான். அது திரியும் மலைகளில் பல, கிரிஸ்லி கரடியின் மலைகளும்கூட. எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைச் சுற்றி ஏறத்தாழ ஆயிரம் கிரிஸ்லிகள் இருக்கின்றன. வடக்கே கிளேசியர் பூங்காவையும் பாப் மார்ஷல் வனத்தையும் ஒட்டிய பகுதியில் இன்னொரு ஆயிரம். இரண்டு பூங்காக்களுக்குள்ளும் வேட்டை கிடையாது. வேட்டை நடப்பது அவற்றைச் சுற்றியுள்ள தேசிய வனங்களில்.

இந்த வேட்டைக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் லைசன்ஸில் தொடங்கி வில்லில் முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்வது தலைகீழ் என்பேன். லைசன்ஸ் வாங்குவது பொறுமையும் பணமும் சம்பந்தப்பட்ட வேலை, அவ்வளவுதான். ஆபத்தும் அபராதமும் காத்திருப்பது மான் விழுந்த பிறகு. ஒரு எல்க்கில் எலும்பு நீக்கியபின் சுமார் 200 பவுண்டு இறைச்சி தேறும். தனி ஆள் முதுகில் சுமந்தால் நாலைந்து நடை. கூடாரம் எங்கே, வண்டியிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை பேர் என்பதையெல்லாம் அந்த 200 பவுண்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

லைசன்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மொன்டானாவில் தொடர்ந்து 180 நாள் குடியிருந்தால்தான் உள்ளூர்க்காரர் என்ற கணக்கு வரும். மற்றவர்களுக்குக் குலுக்கல். எல்க்கும் மானும் சேர்ந்த வெளிமாநில லைசன்ஸுக்கு ஆண்டுக்கு 17,000 என்று சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. எல்க் மட்டும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கான லைசன்ஸும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 1. செலவு 1,000 டாலருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் அவ்வப்போது ஏறும் என்பதால் அந்தந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். முன்னுரிமைப் புள்ளிகள் என்று ஒரு ஏற்பாடும் உண்டு. லைசன்ஸ்களில் 75 சதவீதம் புள்ளி அதிகம் வைத்திருப்பவர்களுக்கு, 25 சதவீதம் புள்ளியே இல்லாதவர்களுக்கு. ஆகவே முதல்முறை விண்ணப்பிப்பவருக்கும் வாய்ப்பு உண்டு.

வில்வேட்டைப் பருவத்துக்கு இதோடு வில்-அம்பு லைசன்ஸ் என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். அதற்கு வில்வேட்டைப் பயிற்சி முடித்த சான்றிதழோ, முன்பு ஏதாவது ஒரு மாநிலத்தில் வாங்கிய வில்வேட்டை லைசன்ஸோ காட்ட வேண்டும். 1985 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்கள் பொதுவான வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பயிற்சி வகுப்புக்கு இடம் தேடி அலையாமல் பனிக்காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

பருவம் செப்டம்பர் முதல் சனிக்கிழமை வாக்கில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை, சுமார் ஆறு வாரம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை அம்பு விடலாம். குறுக்குவில் இந்தப் பருவத்தில் செல்லாது. அம்பின் எடை, முனையோடு சேர்த்து 300 கிரெயினுக்குக் குறையக்கூடாது. முனையின் அகலம் குறைந்தது 7/8 அங்குலம். தூரம் அளந்து சொல்லும் மின்னணுக் குறிபார்வையை வில்லில் பொருத்தக்கூடாது. வேட்டையின்போது வாக்கி-டாக்கியில் 'அந்தப் பக்கம் வருது' என்று நண்பருக்குத் தகவல் கொடுப்பதும் குற்றம்.

எந்த மானை எய்யலாம் என்பது வேட்டை மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பல மாவட்டங்களில் புருவக் கிளை உள்ள ஆண் எல்க் மட்டும், அல்லது அதோடு பெண் எல்க்கும் என்று இருக்கும். புருவக் கிளை என்றால் கொம்புத் தண்டின் கீழ்ப்பாதியில் குறைந்தது 4 அங்குல நீளமுள்ள, கண்ணுக்குத் தெரிகிற ஒரு கிளை. மங்கிய வெளிச்சத்தில், பைன் மரங்களுக்கு நடுவே, தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும் மிருகத்தில் இதை நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் நாணை இழுக்காதீர்கள்.

நில விஷயத்தில் மொன்டானா கறார். வேலியோ பலகையோ இல்லாவிட்டாலும் தனியார் நிலத்தில் வேட்டையாட உடைமையாளரின் அனுமதி வேண்டும். 1985 முதல் 'பிளாக் மேனேஜ்மென்ட்' என்ற திட்டம் நடக்கிறது. தனியார் பண்ணைகள் தங்கள் நிலத்தை வேட்டைக்காரர்களுக்கு இலவசமாகத் திறந்துவிட, மாநில வனவிலங்குத் துறை பண்ணையாருக்கு ஈடு கொடுக்கிறது. சதுரங்கக் கட்டம் போல் பொதுநிலமும் தனியார் நிலமும் மூலைக்கு மூலை தொட்டு நிற்கும் இடங்களில், ஒரு பொதுக் கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மூலையில் தாண்டலாமா என்பது பழைய சண்டை. 2025-இல் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், தனியார் மண்ணை மிதிக்காமல் தாண்டினால் தவறில்லை என்றது. அந்தத் தீர்ப்பு வயோமிங்கைக் கட்டுப்படுத்தும். மொன்டானா வேறு வட்டாரம். இங்கே அப்படித் தாண்டுவதை மாநிலத் துறை ஏற்பதில்லை.

வயோமிங் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்து மாநிலம்தானே என்று அங்கே விண்ணப்பிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 'வில்டர்னஸ்' என்று மத்திய அரசு அறிவித்த வனப்பகுதிகளில் வெளிமாநிலத்தார் வழிகாட்டி இல்லாமல் எல்க் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாட முடியாது. மலையேறலாம், மீன் பிடிக்கலாம், கூடாரம் போடலாம். வேட்டைக்கு மட்டும் தடை. உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அதற்கான இலவச அனுமதி வாங்கிய உள்ளூர் நண்பரோ கூட வர வேண்டும். டீட்டன், வாஷாக்கி போன்ற நல்ல எல்க் காடுகள் இப்படிக் கைவிட்டுப் போகும். வழிகாட்டித் தொழிலுக்குப் பாதுகாப்பு என்பதைத் தவிர இதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மொன்டானாவில் இந்தத் தொல்லை இல்லை. தன் கையே தனக்கு உதவி என்று போகிறவர்களுக்கு நான் அந்த மாநிலத்தைச் சொல்வதும் அதனால்தான்.

இனி கரடி. 1975 முதல் கிரிஸ்லி, அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் 'அழியும் அபாயத்தை நெருங்கும் இனம்' என்ற மத்திய அரசுப் பாதுகாப்பில் இருக்கிறது. எல்லோஸ்டோன் கரடிகளை 2007-லும் 2017-லும் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். இரண்டு முறையும் நீதிமன்றம் திரும்பச் சேர்த்தது. பாதுகாப்பில் உள்ள கரடியைக் கொல்வது மத்தியச் சட்டப்படி குற்றம். விதிவிலக்கு ஒன்று உண்டு: தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்கக் கொல்வது. அப்போதும் 5 நாளுக்குள் மத்திய அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். நடைமுறையில், போன் சிக்னல் கிடைத்தவுடன் முதல் அழைப்பு அதற்குத்தான். பலர் கவனிக்காத இடம் இது: விதிவிலக்கு உயிருக்கு மட்டும், இறைச்சிக்குக் கிடையாது. நீங்கள் அடித்த எல்க்கின் மேல் கரடி உட்கார்ந்துவிட்டால் அதை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். வந்து வனவிலங்கு வார்டனுக்குச் சொல்லுங்கள். ஒருமுறை செல்லுபடியாக்கிய டேக்கை, அதாவது அடித்த மானுக்குரிய லைசன்ஸ் சீட்டை, மறுபடி பயன்படுத்த முடியாது. வயிறு எரியும்தான், என்ன செய்வது.

வில்வேட்டைக்காரருக்குச் சிக்கல் எங்கே என்றால், கரடிக் காட்டில் நடப்பவர்களுக்கு அதிகாரிகள் சொல்லும் அறிவுரை அத்தனைக்கும் நேர் எதிராகத்தான் அவர் நடந்துகொள்கிறார். சத்தம் போட்டு நட என்பார்கள். இவர் பூனை நடை நடக்கிறார். விடியலிலும் அந்தியிலும் நடமாடாதே என்பார்கள்; இவருக்கு அதுதான் நேரம். காற்றுக்கு எதிர்முகமாக, மணம் போகாமல், உடம்பெல்லாம் இலைவண்ண உடை. அதோடு பெண் எல்க் போலக் குரல் வேறு கொடுக்கிறார். அந்தக் குரலை ஆண் எல்க் மட்டும்தான் கேட்கும் என்று யார் சொன்னது? செப்டம்பரில் கரடி குளிர்காலத் தூக்கத்துக்காகக் கொழுப்பேற்றிக்கொண்டு, நாள் முழுக்கத் தீனி தேடி அலையும்.

ஆகவே கரடி ஸ்ப்ரே. மிளகாய்க் காரம் அடைத்த குப்பி இது. மனிதர்மேல் அடிக்கிற சின்னக் குப்பி ஆகாது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் பதிவான, கரடிக்கென்றே செய்த, குறைந்தது 7.9 அவுன்ஸ் குப்பியாக இருக்க வேண்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள். விமானத்தில் கைப்பையிலும் அனுமதி இல்லை, சரக்குப் பெட்டியிலும் இல்லை. போஸ்மனிலோ மிசூலாவிலோ இறங்கிய பிறகு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். முதுகுப்பைக்குள் வைத்தால் இருந்தும் இல்லாத கதைதான். இடுப்பு வாரில் அல்லது மார்பு வாரில், வில் பிடிக்காத கைக்கு எட்டும்படி மாட்டிக்கொண்டு, வெளியே எடுத்துப் பாதுகாப்புக் கொண்டியை நீக்குவதை வீட்டிலேயே பழகுங்கள்.

கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? வில்பருவத்திலும் தற்காப்புக்கு மொன்டானா அனுமதிக்கிறது. அதைக்கொண்டு எல்க்கைச் சுடக்கூடாது. ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு முடிச்சு உண்டு. குடியேற்ற உரிமை இல்லாத விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. முறையான வேட்டை லைசன்ஸ் கையில் இருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. வில் அந்தச் சட்டத்தில் துப்பாக்கியாகக் கருதப்படுவதில்லை, ஆகவே வில்லுக்கு இந்தக் கேள்வியே எழாது. துப்பாக்கியும் வேண்டும் என்பவர் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுவது விசாவுக்கு நல்லது.

அடுத்தது முகாம். கிரிஸ்லி உள்ள தேசிய வனங்களில் உணவுச் சேமிப்பு உத்தரவு என்று ஒன்று அமலில் இருக்கும். எல்லோஸ்டோனைச் சுற்றியுள்ள வனங்களில் வழக்கமாக மார்ச் 1 முதல் டிசம்பர் 1 வரை. அரிசி, எண்ணெய் மட்டும் உணவு அல்ல. பற்பசை, குப்பை, நாய்த்தீனி, அடித்த விலங்கின் உடல் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பயன்படுத்தாத நேரத்தில் கரடி திறக்க முடியாத சான்றளித்த பெட்டியில் வைக்க வேண்டும், அல்லது பூட்டிய வண்டிக்குள். அல்லது தரையிலிருந்து 10 அடி உயரத்தில், மரத்தண்டிலிருந்து 4 அடி தள்ளித் தொங்கவிட வேண்டும். மீறினால் அபராதம். ஒவ்வொரு வனத்தின் உத்தரவிலும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும்; போகும் வனத்தின் ரேஞ்சர் அலுவலகத்தில் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தடி, நாலடி என்று கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு எல்க் பின்னந்தொடை எலும்போடு ஐம்பது பவுண்டைத் தாண்டும். அதைத் தனி ஆளாக, இருட்டில், பத்தடிக்கு மேலே இழுத்துப் பாருங்கள், தெரியும். மெல்லிய கயிறு உள்ளங்கையை அறுக்கும், கிளை வளையும், தொடை சுழன்று தண்டோடு வந்து ஒட்டிக்கொள்ளும். சின்னக் கப்பி இரண்டும் தடித்த கயிறும் கொண்டுபோங்கள். தொங்கவிடத் தோதான மரம் எது என்பதைப் பகலிலேயே, வேட்டை தொடங்குமுன் பார்த்து வையுங்கள். மரமே இல்லாத சரிவுகளில் எடுத்துச்செல்லும் மின்வேலி உதவும். வரையறுத்த தரத்தில் இருந்தால் உத்தரவும் அதை ஏற்கிறது.

மான் விழுந்ததும் முதல் வேலை டேக். மானை அங்கிருந்து நகர்த்துமுன் தேதியும் மாதமும் வெட்டிச் செல்லுபடியாக்க வேண்டும். செல்போனில் மின்-டேக் வாங்கியிருந்தால் துறையின் செயலியில், சிக்னல் இல்லாவிட்டாலும், செய்யலாம். அப்புறம் கையுறை. எல்லோஸ்டோன் பக்கத்து எல்க்குகளில் புரூசெல்லா நோய்க்கிருமி உண்டு. தோலை விரித்து, குடலைத் திறக்காமலேயே நாலு கால்களையும் முதுகுச் சதையையும் கழற்றுவது வேகமான முறை. ஒருவர் கத்தியைப் பிடிக்கும்போது இன்னொருவர் ஸ்ப்ரேயோடு நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பேராவது போங்கள் என்று நான் சொல்வது முக்கியமாக இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான்.

ஒரே நடையில் கொண்டுவர முடியாது என்பதால் மீதி இறைச்சி காட்டில் இரவு தங்கும். குடல் கிடக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிக் கொண்டுபோய், தூரத்திலிருந்தே பைனாகுலரில் தெரிகிற திறந்த இடத்தில் தொங்கவிடுங்கள். மறுநாள் திரும்பும்போது சத்தம் போட்டுக்கொண்டே வாருங்கள். பைனாகுலரில் நன்றாகப் பார்த்த பிறகே கிட்டே போங்கள். மண் மூடிய மேடு தெரிந்தால், காக்கைகள் இறங்காமல் மரத்திலேயே உட்கார்ந்திருந்தால், கரடி பக்கத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். மலை ஏறி இறங்கி இரண்டு மைலுக்கு அப்பால் எல்க் அடிக்காதே என்று அனுபவசாலிகள் சொல்வது சோம்பேறித்தனத்தால் அல்ல.

இறைச்சியை வீணாக்குவதும் சட்டப்படி குற்றம். நாலு கால்களும் முழங்காலுக்கு மேலே, முதுகுச் சதையோடு வெளியே வந்தாக வேண்டும். கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்குகிறவருக்கு அபராதம் உண்டு.

கடைசியாக, ஊர் திரும்பும் பயணம். மொன்டானாவில் காட்டு மான்களிடையே மெலிவு நோய் 2017-இல் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த நோயை உண்டாக்கும் பிறழ்ந்த புரதம் அதிகம் என்பதால், பல மாநிலங்கள் வெளியிலிருந்து வரும் தலையையும் முதுகெலும்பையும் எல்லைக்குள் விடுவதில்லை. எலும்பு நீக்கிய இறைச்சி, சுத்தம் செய்த மண்டையோட்டுத் தகட்டோடு கொம்பு, பதப்படுத்திய தோல் ஆகியவற்றுக்குப் பொதுவாகத் தடை இருக்காது. உங்கள் மாநில விதியோடு, வழியில் கடக்கும் ஒவ்வொரு மாநிலத்தின் விதியையும் கிளம்பும் முன்பே பாருங்கள். எலும்பு, தலை போன்ற கழிவை மொன்டானாவிலேயே அனுமதிக்கப்பட்ட குப்பைக் கிடங்கில் போட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.