டிங்கி காய்ச்சல்: எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் போதுமா?

டிங்கி என்று உறுதியானதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "டாக்டர், எதிர்ப்பு சக்தி கூட என்ன கொடுக்கலாம்?" என்பதுதான். கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எத்தனையோ சத்து பானங்கள் அந்தக் கேள்வியை நம்பியே விற்கின்றன. ஆனால் உடலின் முதல்கட்டத் தற்காப்பு, கூடக் கூட நல்லது என்ற வகையைச் சேர்ந்ததல்ல. அது வேளைக்குக் கிளம்ப வேண்டும். வேளைக்கு அடங்கவும் வேண்டும். இரண்டையும் முடிவு செய்பவை சில புரதங்கள்.

செல்லுக்குள் புகுந்த வைரஸ் தன் ஆர்என்ஏவைப் படியெடுக்கத் தொடங்கியதும், ரிக்-ஐ என்ற புரதம் அதைக் கண்டுகொள்கிறது. கண்டால் மட்டும் போதாது. 76 அமினோ அமிலங்கள் கொண்ட யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை, டிரிம்25 போன்ற நொதிகள் சங்கிலியாகக் கோத்துக் கொடுத்தால்தான் ரிக்-ஐ முழு வேகம் பெற்று செல்களை எச்சரிக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்க வைக்கும். சங்கிலி யுபிக்விட்டினின் 63ஆம் அமினோ அமிலமான லைசின் வழியாகக் கோக்கப்பட்டால் அது "வேலையைத் தொடங்கு" என்ற ஆணை. 48ஆம் லைசின் வழியாக என்றால், அந்தப் புரதம் செல்லின் புரதம் சிதைக்கும் இயந்திரமான புரோட்டியசோமில் சிதைக்கப்படும்.

டிங்கி இந்தச் சிதைக்கும் வழியைத்தான் நமக்கு எதிராகத் திருப்புகிறது. இன்டர்ஃபெரான் வந்து தொட்டதும், ஸ்டாட்1, ஸ்டாட்2 என்ற தகவல் கடத்தும் புரதங்கள் இரண்டும் சேர்ந்து உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான தற்காப்பு மரபணுக்களை இயக்க வேண்டும். வைரஸின் என்எஸ்5 புரதம் ஸ்டாட்2ஐப் பிடித்து, நம் செல்லுக்கே சொந்தமான யுபிஆர்4 என்ற புரதத்தை வைத்து அதை அழித்துவிடுகிறது. பிறகு எவ்வளவு இன்டர்ஃபெரான் வந்தாலும் அந்தச் செல்லுக்குக் காது கேட்காது. எலியின் ஸ்டாட்2 இந்தப் பிடியில் சிக்குவதில்லை; சாதாரண எலிகளிடம் டிங்கி எளிதில் பெருகாததற்கு இதுவும் ஒரு காரணம். 1998-99இல் பேராக்கையும் நெகிரி செம்பிலானையும் உலுக்கிய நிப்பா வைரஸின் வழி வேறு. அதன் வி புரதம் ஸ்டாட்களை அழிக்காமல் உட்கருவுக்கு வெளியிலேயே முடக்கி வைக்கிறது.

அடக்கும் புரதங்களும் இதே அளவுக்கு முக்கியம். யுஎஸ்பி18 என்ற புரதம் இன்டர்ஃபெரானின் சேதியை வாங்கும் ஏற்பியை அமைதிப்படுத்துகிறது. அது பிறவியிலேயே இல்லாத குழந்தைகள், எந்தத் தொற்றும் இல்லாமலே கடுமையான மூளைப் பாதிப்போடு பிறக்கின்றன.

டிங்கியிலும் ஆபத்தான கட்டம், பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போது, 3 முதல் 7ஆம் நாளுக்குள் வருகிறது. அப்போது வைரஸ் குறைந்துகொண்டிருக்கும். ஆனால் நம் தற்காப்பின் கொந்தளிப்பும் வைரஸின் என்எஸ்1 புரதமும் இரத்த நாளச் சுவரைத் தளர்த்த, இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா வெளியே கசியும். அதனால் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தினமும் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் ஹெமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏறுகிறதா என்று கிளினிக்கில் கேளுங்கள். பிளேட்லெட் சரியும்போது அது ஏறினால், கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். பப்பாளி இலைச்சாறு குடித்தோம் என்ற தைரியத்தில் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது மிகவும் ஆபத்து.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும்: பெரியவர்களுக்கு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போகாமல். அஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம், ஊசியாகவும் வேண்டாம்; இரத்தக்கசிவைக் கூட்டும். வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல் கஞ்சி, இளநீர், 100 பிளஸ் போன்ற உப்புச்சத்து பானம் கொடுங்கள். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் போக வேண்டும். விடாத வயிற்றுவலி, அடுத்தடுத்து வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து மயங்குவது என ஏதாவது ஒன்று தெரிந்தாலும், காய்ச்சல் இல்லையே என்று விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.