சிஆர்பி நார்மல் என்று காத்திருக்காதீர்கள்

பிறந்து ஐந்தாவது நாள். முந்தின நாள் மதியத்திலிருந்தே குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை, எழுப்பினாலும் துவண்டு துவண்டு விழுகிறது. ஏன் நேற்றே வரவில்லை என்று கேட்டால், அப்பா செல்போனை நீட்டுகிறார்: "சிஆர்பி நார்மல்னு ரிப்போர்ட் இருக்கே, டாக்டர்." சிஆர்பி என்பது தொற்று இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் எடுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை. அந்த ரத்தம் எடுக்கப்பட்டது குழந்தை பிறந்து மூன்று மணி நேரத்தில். இப்படி ரிப்போர்ட்டை நம்பித் தாமதமாக வருவதைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சிஆர்பி கிருமி அல்ல. "சிஆர்பி ஏறியிருக்கு, இறங்க ஊசி போடுங்க" என்று கேட்கிறார்கள். இறக்குவதற்கு அது நோயே இல்லை. அழற்சி (காயமோ கிருமியோ பட்டால் உடம்பு காட்டும் எதிர்வினை) எங்கே வந்தாலும் இன்டர்லூக்கின்-6 என்ற செய்தி சொல்லும் புரதம் ரத்தத்தில் கூடும், அதைக் கண்டதும் கல்லீரல் சுரக்கும் புரதம் இது. கிருமியாலும் ஏறும், கிருமியே இல்லாமலும் ஏறும். நீண்ட பிரசவ வலி, ஆயுதம் போட்டு எடுத்தது, பிறந்ததும் அழாதது, மலம் கலந்த பனிக்குட நீர் நுரையீரலுக்குள் போனது, எல்லாவற்றுக்கும் ஏறும். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கே முதல் இரண்டு மூன்று நாட்களில் கொஞ்சம் ஏறித்தான் இறங்கும். நன்றாகப் பால் குடித்து, கை காலை உதைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையை, 14 என்ற எண்ணைக் காட்டி மட்டும் ஊசிக்குப் படுக்க வைக்கச் சொல்லாதீர்கள்.

இன்னொரு பக்கம்தான் ஆபத்தானது. தொற்று தொடங்கியதும் சிஆர்பி ஏறிவிடாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் ஏறத் தொடங்கும், உச்சத்தைத் தொட ஒன்றரை இரண்டு நாள் ஆகும். ஆகவே பிறந்தவுடன் எடுத்த 'நார்மல்' அன்றைக்கே அரைகுறைச் செய்தி. நான்காம் நாள் வந்த தொற்றைப் பற்றி அதற்கு எதுவுமே தெரியாது. ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை நார்மலாக வந்து, பிளட் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில்) எதுவும் வளராமல், குழந்தையும் தெளிவாக இருந்தால், தொடங்கிய ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தலாம் என்று தைரியம் கொடுக்கும். சிஆர்பியின் உண்மையான பயன் அதுதான்.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: டிஸ்சார்ஜ் தாளில் எத்தனையாவது மணி நேர ரத்தம் என்று எழுதுங்கள். அலகையும் எழுதுங்கள். ஒரு லேப் லிட்டருக்கு 12 மில்லிகிராம் என்கிறது, இன்னொன்று டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 1.2 என்கிறது. இரண்டும் ஒன்றுதான். பெற்றோர் பத்து மடங்கு குறைந்துவிட்டது என்று நிம்மதியாகப் போகிறார்கள்.

தாய்க்கும் இதே கதை. பிரசவம் ஆனதும், அதுவும் சிசேரியன் என்றால், சிஆர்பியும் வெள்ளை அணுக்களும் தானாகவே கூடும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் "பால் கட்டு" என்று நீங்களே முடிவு செய்து மாத்திரை கொடுக்காதீர்கள். அடிவயிற்று வலி, நாற்றமடிக்கும் உதிரப்போக்கு, படபடப்பு இருந்தால் அன்றே காட்டுங்கள்.

குழந்தையிடம் பார்க்க வேண்டியவை எல்லாம் லேப் இல்லாமலே தெரியும். பால் குடிப்பது குறைகிறதா? சட்டையை விலக்கி முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அமைதியாக இருக்கும்போதே 60-ஐத் தொடுகிறதா, நெஞ்சு உள்ளே குழிகிறதா? உடம்பு சூடு 99.5-ஐத் தாண்டுகிறதா? பாதம் மட்டுமல்ல, வயிறும் சில்லென்று இருக்கிறதா? பச்சிளங்குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் வராமல் உடம்பு குளிர்ந்தும் போகலாம், இதைப் பலர் நம்புவதே இல்லை. வெட்டு (வலிப்பு) வருகிறதா, தொப்புளைச் சுற்றிச் சிவக்கிறதா? ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள், இரவானாலும் சரி. சேனைத்தண்ணி, உரைமருந்து, மந்திரிப்பு என்று அரை நாளைக் கடத்த வேண்டாம். 108-ஐ அழையுங்கள். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிப் பிறந்த குழந்தையா, பிரசவத்தின்போது அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்ததா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். வரும் வழியில் குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு சேர்த்து, தலையையும் மூடி, சூடு குறையாமல் கொண்டு வாருங்கள்.