கடுகளவு பல்லில் ஓர் ஆயுள்

வாயை மூடி மெல்லக் கடித்துப் பாருங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் மேடு, கீழ்ப் பல்லின் பள்ளத்தில் போய்ச் சரியாக உட்காரும். பல்லிக்கும் முதலைக்கும் இந்தப் பொருத்தம் கிடையாது. அவற்றின் பற்கள் கவ்வும், குத்தும், கிழிக்கும், அவ்வளவுதான். இரையைப் பொடியாக அரைத்து விழுங்கும் வித்தை பாலூட்டிகளின் வழியில் வந்தது. அந்த வித்தையைத் தொடக்கக் காலத்திலேயே கைக்கொண்டவற்றில் ஒன்றுதான் மார்கனுகோடான். மூஞ்சூறு அளவுள்ள பிராணி, ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தது.

அதை முதலில் அறிமுகப்படுத்தியது ஒரே ஒரு பல். பிரிட்டனின் தெற்கு வேல்ஸில் கிளமோர்கன் என்ற பகுதியில் சுண்ணாம்புக்கல் குவாரிகள் உண்டு. அந்தக் காலத்தில் அங்கே இருந்தவை ஆழமில்லாத கடலில் சின்னச் சின்னத் தீவுகள். பாறை வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் மண்ணை அடித்துக்கொண்டு போனது. செத்த பிராணிகளின் எலும்புகளும் கூடவே போயின. எலும்பு நொறுங்கிவிடும், பல் அப்படியில்லை. அதன் மேலுள்ள எனாமலின் எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம். அப்படி ஒரு வெடிப்பில் கிடைத்த பல்லை வைத்து 1949-இல் வால்டர் கூன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இந்தப் பிராணிக்குப் பெயர் சூட்டினார். மார்கனுகோடான் என்றால் 'கிளமோர்கனின் பல்' என்று பொருள்.

பிறகு வந்தவர்கள் அந்த மண்ணை மூட்டை மூட்டையாக எடுத்துக் கழுவி, சல்லடையில் சலித்து, நுண்ணோக்கியின் கீழ் பரப்பிப் பொறுக்கினார்கள். கடுகளவுதான் இருக்கும் ஒவ்வொரு பல்லும். அதே மாதிரியான வெடிப்புகளில் இன்னொரு பிராணியின் பற்களும் தாடைத் துண்டுகளும் வந்தன. 1968-இல் கூனைக் கௌரவித்து அதற்குக் கூனியோதீரியம் என்று பெயர் வைத்தார்கள். மார்கனுகோடானின் கடைவாய்ப் பல்லில் மூன்று முனைகள் ஒரே வரிசையில் நிற்கும். கூனியோதீரியத்தில் அதே மூன்றும் முக்கோணமாக நிற்கும். மேல் முக்கோணமும் கீழ் முக்கோணமும் கத்தரிக்கோல் போல உரசிக்கொண்டு போகும்.

சரி, இவை என்ன தின்றன? சாப்பாடு பல்லின் மேல் நுண்ணிய கீறல்களையும் குழிகளையும் விட்டுச் செல்கிறது. என்ன பூச்சி தின்கின்றன என்று நமக்குத் தெரிந்த இன்றைய வௌவால்களின் பற்களோடு அந்தத் தேய்மானத்தை ஒப்பிட்டு 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. மார்கனுகோடானின் பல், வண்டு போன்ற ஓடு கெட்டியான பூச்சிகளைத் தின்னும் வௌவாலின் பல்லைப் போலத் தேய்ந்திருந்தது. கூனியோதீரியம் மெத்தென்ற பூச்சிகளைப் பிடித்திருக்கிறது. அதன் தாடையும் ஒல்லியானது; வேகமாக மூடும், அழுத்தம் குறைவு. இருவரும் அருகருகே வாழ்ந்தாலும் சாப்பாடு வேறு.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் பால் பல். முதலைக்குப் பல் விழ விழ முளைத்துக்கொண்டே இருக்கும். அப்படி மாறிக்கொண்டே இருந்தால் மேலும் கீழும் பொருந்திக் கடிப்பது எப்படி? வெவ்வேறு வயதில் இறந்த மார்கனுகோடான்களின் தாடைகளைப் பார்த்தால், முன்பகுதிப் பற்கள் ஒரே ஒரு முறை விழுந்து முளைத்திருக்கின்றன. கடைவாய்ப் பற்கள் விழவேயில்லை. நம் வாயிலும் இதே ஏற்பாடுதான். குட்டி பால் குடித்து வளர்ந்தால் மட்டுமே இது கட்டுபடியாகும். பல்லுக்கு வேலை வருவதற்குள் தாடை பெரும்பாலும் வளர்ந்துவிடும், ஆகவே இரண்டு செட் போதும். பால் புதைபடிவமாகாது. ஆனாலும் அந்தத் தாய்க்குப் பால் சுரந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல தடயம் கேட்க முடியாது. 'பால் பல்' என்று நாம் சும்மா சொல்லும் பேரில் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

பல், தாடை, பால் எல்லாம் நம்மைப் போல என்றால், உடம்பும் நம்மைப் போல வெதுவெதுப்பாக, வேகமாக ஓடியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதைச் சோதிக்கப் பல்லின் வேரைப் பார்க்க வேண்டியிருந்தது.

வேரைச் சுற்றிச் சிமென்டம் என்ற மெல்லிய பூச்சு இருக்கிறது. பல்லைத் தாடையோடு பிணைக்கும் நார்கள் இதில்தான் ஊன்றியிருக்கின்றன. எனாமல் ஒருமுறை உருவானால் முடிந்தது. சிமென்டம் ஆயுள் முழுக்கப் படிந்துகொண்டே இருக்கும். வருடத்தில் ஒரு பருவம் நன்றாகப் படியும், இன்னொரு பருவம் மந்தமாகிவிடும். அதனால் மரத்தில் இருப்பது போல வருடத்துக்கு ஒரு வளையம். ஒவ்வொன்றும் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. கடுகளவு பல்லை அறுத்துப் பார்த்தால் பல்லே போய்விடும். ஆகவே எலிஸ் நியூஹம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சிங்க்ரோட்ரான் என்ற இயந்திரம் தரும் மிகச் செறிவான எக்ஸ் கதிர்களை அந்தப் பற்களின் ஊடே பாய்ச்சினார்கள். பல்லுக்கு ஒரு கீறல்கூட விழாமல் வளையங்கள் தெரிந்தன. எண்ணினார்கள்.

2020-இல் வெளிவந்த அந்த முடிவின்படி, கூனியோதீரியத்தில் அதிகபட்சம் 9 ஆண்டுகள், மார்கனுகோடானில் 14. இன்றைக்கு அந்த அளவுள்ள மூஞ்சூறோ எலியோ காட்டில் ஓரிரு வருடம் தாண்டுவதே பெரிது. சின்ன உடம்புக்கு இவ்வளவு நீண்ட ஆயுள் என்றால், உள்ளே அடுப்பு மெதுவாக எரிந்திருக்க வேண்டும், பல்லியைப் போல. மார்கனுகோடானின் தொடை எலும்பில் ரத்தக்குழாய் நுழையும் துளையின் அளவையும் பார்த்தார்கள். ஊர்வனவற்றைவிட ரத்த ஓட்டம் அதிகம். இன்றைய பாலூட்டிகளைவிடக் குறைவு.

ஆக, பல் முதலில் பாலூட்டியானது, ரத்தம் பின்னால் வந்து சேர்ந்தது. தாடையிலும் இதே இடைநிலைதான். மார்கனுகோடானின் தாடை மண்டையோட்டோடு இரண்டு மூட்டுகளில் இணைந்திருந்தது: நம்முடைய புதிய மூட்டு ஒன்று, அதை ஒட்டியே ஊர்வனவற்றின் பழைய மூட்டு. அந்தப் பழைய மூட்டின் இரண்டு எலும்புகளும் சுருங்கிச் சுருங்கி நம் நடுக்காதுக்குள் போய்விட்டன. இப்போது அவற்றுக்கு வேலை கேட்பது.